வெள்ளைப் பெட்டிகளும் ஒரு புகையிலைக் கடையும்

ஜெனரல் ப்ரெவான் தம் வாழ்நாளில் ஏழு முறை விசுவாசப் பிரமாணம் எடுத்தார். ஏழும் வெவ்வேறு அரசுகளுக்கு. ஏழு முறையும் குரல் தழுதழுத்தது, கண் கலங்கியது, பதவி ஒரு படி உயர்ந்தது. அவருடைய பீரங்கிப் படையில் சார்ஜென்டாக இருந்த அன்செல்ம் ரூவ்ரெல் தம் வாழ்நாளில் குறிப்பிட்டுச் சொல்லும்படி செய்த காரியம் ஒன்றுதான். ஒரு பெட்டியைத் திறந்தார். அதற்குள் தவறான குண்டு இருந்தது.

ஜெனரலின் புகழ் முழுவதும் அந்தப் பெட்டிக்குள் இருந்து வந்தது என்பது மார்வெய் நகரில் மூன்று பேருக்குத்தான் தெரியும். ஜெனரலுக்குத் தெரியும். அன்செல்முக்குத் தெரியும். அன்செல்மின் மனைவி ஒதீலுக்குத் தெரியும் என்பதால், நான்காவதாக இன்னொருவருக்குத் தெரியாமல் இருந்ததே அந்த அம்மாளின் குணத்துக்குச் சான்று.

அன்செல்ம் பதினேழு வயதில் படையில் சேர்ந்தபோது ப்ரெவான் வெறும் கேப்டன். அப்போது பேரரசர் ஆண்டார். பேரரசர் விழுந்து பழைய அரச குடும்பம் திரும்பி வந்த வாரத்தில் ப்ரெவான் தொப்பியில் வெள்ளை ரிப்பன் குத்திக்கொண்டார். பேரரசர் தம்மை நாடுகடத்தியிருந்த தீவிலிருந்து திரும்பி வந்தபோது வெள்ளையைக் கழற்றி மூவண்ணத்தைக் குத்தினார். ஆனால் கடைசிப் பெரும் போருக்கு இரண்டு நாள் முன்பு அவருக்குக் கீல்வாதம் வந்து கால் வீங்கிப் படுத்துவிட்டார். போர் முடிந்து யார் வென்றது என்று தெரிந்த மறுநாள் வீக்கம் வடிந்தது. அதன்பிறகும் எந்த அரசு ஆட்டம் கண்டாலும் முதலில் வீங்குவது ப்ரெவானின் கால்தான். படைவீரர்கள் செய்தித்தாள் வாங்குவதில்லை. "கேப்டன் செருப்பு போட்டிருக்காரா, பூட்ஸ் போட்டிருக்காரா?" என்று மட்டும் கேட்டுக்கொள்வார்கள்.

அரசர் ஆட்சி நிலைத்ததும் ப்ரெவான் ஜெனரலாகி, மார்வெய் கோட்டைக்குத் தளபதியாக வந்தார். அங்கேதான் அவர் தமது புகழ்பெற்ற சீர்திருத்தத்தைச் செய்தார்.

பீரங்கிகள் மூன்று அளவு. நாலு ராத்தல் குண்டு போடுவது, எட்டு ராத்தல் போடுவது, பன்னிரண்டு ராத்தல் போடுவது. அதுவரை குண்டுப் பெட்டிகளின் மூடியில் அளவைச் சூட்டுக்கோலால் பொறித்திருப்பார்கள். எண் படிக்கத் தெரியாத வீரன் என்ன செய்வான் என்று ஜெனரல் கவலைப்பட்டார். எண்களை இழைப்புளியால் சீவி எடுத்துவிட்டு, நாலுக்கு நீலம், எட்டுக்கு வெள்ளை, பன்னிரண்டுக்குச் சிவப்பு என்று வண்ணம் பூசச் சொன்னார். இது பற்றி நாற்பது பக்கப் புத்தகம் எழுதினார். அமைச்சகம் பாராட்டியது. மார்பில் ஒரு பதக்கம் ஏறியது.

ஆறு மாதம் கழித்துப் பாரிசிலிருந்து ஒரு பிரபு ஆய்வுக்கு வந்தார். ஆயுதக் கிடங்கில் பெட்டிகளை ஒழுங்காக வரிசையில் அடுக்கி வைத்திருந்தார்கள். நீலம், வெள்ளை, சிவப்பு. நீலம், வெள்ளை, சிவப்பு. சுவரின் இந்த மூலை முதல் அந்த மூலை வரை, அரசரின் அண்ணனைத் தலை வெட்டிய புரட்சிக்காரர்களின் கொடி.

பிரபு தூணைப் பிடித்துக்கொண்டார். "ஜெனரல், இது என்ன?"

"இதைத்தான் நானும் இப்பக் கேக்கலாம்னு இருந்தேன், பிரபுவே" என்றார் ஜெனரல். பிறகு திரும்பி, "டேய் அன்செல்ம்! எவன்டா இப்படிப் பூசினது?"

இரண்டே நாளில் எல்லாப் பெட்டிகளுக்கும் வெள்ளை பூசப்பட்டது. வெள்ளை அரசரின் வண்ணம். யாரும் குறை சொல்ல முடியாது. வண்ணம் பூசியதற்கு ஒரு பதக்கம் வாங்கிய ஜெனரல், வண்ணத்தை அழித்ததற்கு இன்னொன்று வாங்கினார்.

அன்செல்ம் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, நம்பரையும் சீவிட்டோம். கலரும் போயிடுச்சு. எந்தப் பெட்டியில எது இருக்குன்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?"

"விசுவாசம் இருந்தா எல்லாம் தெரியும்டா."

அந்தக் கோடை, 1830இல், பாரிசில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். செய்தி மார்வெய்க்கு அரைகுறையாக வந்தது. நகர மண்டபத்துக்கு எதிரே முந்நூறு பேர் மூவண்ணக் கொடியோடு கூடினார்கள். முன்வரிசையில் கொடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றவன் பீப்பாய் செய்யும் கஸ்பார். ஜெனரலுக்கு அன்று காலில் வீக்கம் இல்லை. அரசர் வெல்வார் என்று கணக்குப் போட்டிருந்தார் போலும். எட்டு ராத்தல் பீரங்கி ஒன்றைச் சதுக்கத்துக்கு இழுத்துவரச் சொன்னார். குதிரை மேலிருந்து, ஊரே கேட்கும்படி, "அன்செல்ம்! குண்டு போடு!" என்றார்.

அன்செல்ம் பெட்டியைத் திறந்தார். பன்னிரண்டு ராத்தல் குண்டு. அதைத் தூக்கிப் பீரங்கி வாயில் வைத்தால், முட்டைக் கிண்ணத்தில் முட்டை உட்காருவதுபோல் மேலேயே உட்கார்ந்தது. இரண்டாவது பெட்டியைத் திறந்தார். நாலு ராத்தல். உள்ளே போயிற்று. ஆனால் சதுக்கம் சரிவானது, பீரங்கி தாழ்ந்து பார்த்தது. கொஞ்ச நேரம் உள்ளே உருளும் சத்தம் கேட்டது. பிறகு குண்டு நிதானமாக வெளியே வந்து கீழே விழுந்து, கற்களில் தத்தித் தத்திப் போய்க் கஸ்பாரின் காலடியில் நின்றது.

"யோவ், உங்க குண்டு கீழ விழுந்துடுச்சு!" என்று கஸ்பார் கத்தினான்.

"கிடங்குக்கு ஓடு! சரியான பெட்டிய எடுத்துட்டு வா!" என்றார் ஜெனரல்.

கிடங்கில் இருநூற்று முப்பது பெட்டிகள். எல்லாம் வெள்ளை. ஆட்கள் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பாரிஸ் தபால் வண்டி சதுக்கத்துக்குள் நுழைந்தது. வண்டிக்காரன் தொப்பியில் மூவண்ண ரிப்பன். அரசர் ஓடிவிட்டார்.

ஜெனரல் குதிரையிலிருந்து இறங்கினார். இறங்குவதற்குள் அவர் தொப்பியில் இருந்த வெள்ளை ரிப்பனைக் காணோம். "பிள்ளைகளா!" என்று கைகளை விரித்தார். "சொந்த ஜனங்க மேல நான் சுடச் சொல்வேன்னா நினைச்சீங்க?"

எட்டு நிமிடம் பீரங்கி வாயைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள், உயிரோடு இருக்கும் மகிழ்ச்சியில் எதையும் நம்பத் தயாராக இருந்தார்கள். ஜெனரலைத் தோளில் தூக்கினார்கள். அந்தத் தோள்களின் மேல் ஊர்வலம் போவதற்கு முன் ஜெனரல் குனிந்து அன்செல்மின் காதில் சொன்னார்: "தம்பி, வாயைத் திறக்காத. உனக்கு ஒரு புகையிலைக் கடை வாங்கித் தரேன்."

புகையிலை அரசாங்கத்தின் சரக்கு. அதை விற்க உரிமம் வேண்டும். உரிமம் பெரிய மனிதர் ஒருவர் சொன்னால்தான் கிடைக்கும். கிடைத்தால் வயதான காலத்தில் நிழலில் உட்கார்ந்து சாப்பிடலாம். பீரங்கிச் சத்தத்தில் இடது காது போய், ஈரம் பட்டால் முழங்கால் பிடித்துக்கொள்ளும் மனிதருக்கு அதைவிட என்ன வேண்டும்? அன்செல்ம் வாயைத் திறக்கவில்லை.

'சுடாத ஜெனரல்' பிரபுக்கள் சபைக்குப் போனார். குடை பிடித்துக்கொண்டு தெருவில் நடக்கும் புது அரசரிடம் இரண்டு முறை போர் அமைச்சராக இருந்தார். அவர் நெஞ்சைக் காட்டி நிற்பதும், காலடியில் பீரங்கிக்காரன் மண்டியிட்டு அழுவதுமாக ஒரு வண்ணப்படம் சந்தைதோறும் விற்றது. படத்துப் பீரங்கிக்காரனுக்குப் பெரிய மீசை. அன்செல்முக்கு மீசையே கிடையாது. ஒதீல் அந்தப் படத்தை வாங்கி அடுப்பங்கரையில் மாட்டினாள். "அழுவுற மூஞ்சி மட்டும் சரியா வரைஞ்சிருக்கான்" என்றாள்.

அன்செல்ம் ஆண்டுக்கு ஒரு மனு எழுதினார். ஆண்டுக்கு ஒரு பதில் வந்தது: பரிசீலனையில் உள்ளது. பதினெட்டு ஆண்டுகள் ஓடின. இடையில் கோட்டை வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து, கிடங்கு வாசலில் காவலுக்குப் போட்டார்கள். வாசல் ஆற்றைப் பார்த்தது. ஈரம் கொஞ்சமில்லை.

1848 பிப்ரவரியில் குடை அரசரும் ஓடினார். குடியரசு வந்தது. ஜெனரலின் கால் ஒன்பது நாள் வீங்கி வடிந்தது. ஏப்ரலில் தேர்தல். ஆண்கள் எல்லாருக்கும் ஓட்டு. முன்னாள் போர் அமைச்சர், முன்னாள் பிரபு, குடியரசு வேட்பாளராக மார்வெய்க்கு வந்து இறங்கினார்.

இப்போது நாட்டில் எல்லாரும் சகோதரர்கள். மேயர் சகோதரர், பிச்சைக்காரர் சகோதரர். ஜெனரல் நேராகக் கிடங்கு வாசலுக்கு வந்து அன்செல்மைக் கட்டிக்கொண்டார்.

"அண்ணே! எப்படிண்ணே இருக்கீங்க?"

ஜெனரல் அன்செல்மைவிடப் பத்து வயது மூத்தவர். அன்செல்ம் தமக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

"நாளைக்குச் சந்தை மண்டபத்துல கூட்டம். நீங்க மேடை ஏறி நடந்ததச் சொல்லணும். நான் உங்க கையப் புடிச்சுத் தடுத்தேன்னு சொன்னாப் போதும்ணே. உரிமம் இங்கதான் இருக்கு." சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். உள்ளே காகிதம் சரசரத்தது.

அன்று வீட்டில் ஒதீல் பன்றிக்கொழுப்பு போட்ட சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றியபடி பாடம் நடத்தினாள்.

"என்ன சொல்லணும்? சொல்லு."

"ஜெனரல் என் கையப் புடிச்சாரு."

"எந்தக் கைய?"

"அது... வலது கைய."

"அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசுன, உன்ன அந்தக் கிடங்குலயே பொதைச்சிடுவேன். பத்து வருஷமா ஆத்தங்கரை ஈரத்துல உன் முழங்காலுக்கு நான் தைலம் தேய்க்கிறேன். எனக்குக் கடை வேணும்."

மறுநாள் சந்தை மண்டபத்தில் ஆயிரம் பேர். கூட்டத் தலைவர் பீப்பாய்க் கஸ்பார். அதே கஸ்பார், இப்போது தலை நரைத்து, நாக்கு மட்டும் நரைக்காமல். வேட்பாளரைக் குறுக்கு விசாரணை செய்வதில் அவனுக்கு இணை இல்லை.

"சகோதரர் அன்செல்ம்! ஜெனரல் உங்களச் சுடச் சொன்னாரா இல்லையா?"

"ஜெனரல் என் கையப் புடிச்சாரு. வலது கைய."

கூட்டம் கைதட்டியது. ஜெனரல் தலை குனிந்து அடக்கமாக நின்றார். அன்செல்ம் மேடையிலிருந்து இறங்கத் திரும்பினார். அத்தோடு விட்டிருக்கலாம். கஸ்பார் விடவில்லை.

"இருய்யா, இரு. அவரு குதிரை மேல இருந்தாரு. நீ கீழ இருந்த. அவரு கை என்ன பத்தடி நீளமா?" கூட்டம் சிரித்தது. "நான் அன்னைக்கு முன்னாடிதான நின்னேன்? எட்டு நிமிஷம் நீ அந்தப் பீரங்கியோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்த. ஒரு குண்ட வச்ச, போகல. இன்னொண்ண வச்ச, வெளிய வந்து விழுந்துது. அத நான்தான் எடுத்துட்டுப் போயி கோஸு ஊறப்போட்ட ஜாடி மேல பாரமா வச்சிருக்கேன். கையப் புடிச்சதாம்! உனக்குக் குண்டு போடத் தெரியலய்யா, அதான் விசயம்!"

அன்செல்மின் காது மடல் சிவந்தது. அவரைக் கோழை என்றிருந்தால் பொறுத்திருப்பார். பொய்யன் என்றிருந்தாலும் பொறுத்திருப்பார், அது உண்மையும்கூட. குண்டு போடத் தெரியாதவன்!

"எனக்கா? எனக்காடா தெரியாது?" மேடை மேலேயே திரும்பி வந்தார். "கண்ணக் கட்டிக்கிட்டு இருபது எண்ணுறதுக்குள்ள குண்டு போடுவேன்டா! பீரங்கி எட்டு, பெட்டியில பன்னெண்டு! அடுத்த பெட்டியில நாலு! எல்லாத்துக்கும் வெள்ளையடிச்சு வச்சா எவனுக்குத் தெரியும்? ஐயா சுடுன்னுதான் சொன்னாரு! குண்டுதான் பொருந்தல!"

பெண்கள் பக்கத்தில் ஒதீல் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

ஆறு அரசுகளைப் பார்த்த மனிதர் ஒரு சார்ஜென்டிடம் தோற்பாரா? ஜெனரல் இரண்டே எட்டில் வந்து அன்செல்மைத் தழுவினார். கன்னத்தில் கண்ணீர்.

"கேட்டீங்களா சகோதரர்களே! இதுதான் எங்க அண்ணனோட அடக்கம்! அன்னைக்கு அரசரோட ஒற்றர்கள் சுத்தி நிக்கிறாங்க. நான் வாயால 'சுடு'ன்னேன். கண்ணால 'வேண்டாம்'னேன். என் கண்ணப் பாத்துப் புரிஞ்சுக்கிட்டு, தப்பான பெட்டியத் தேடித் தேடித் திறந்தாரே, அவரு இவருதான்! நான் வீரன் இல்ல. இவருதான் வீரன்!"

கூரை பிய்ந்தது. கஸ்பாரே அழுதுவிட்டான். அன்செல்மைத் தோளில் தூக்கினார்கள். "அப்படி இல்லய்யா, பொருந்தல, பொருந்தலய்யா" என்று அவர் மேலேயிருந்து சொல்லிக்கொண்டே போனார். யார் கேட்டார்கள்?

ஈஸ்டர் ஞாயிறன்று பாதிரியாரும் மேயரும் முன்னே நடக்க, ஊர் ஆண்கள் ஊர்வலமாகப் போய் ஓட்டுப் போட்டார்கள். ஒரு சீட்டில் பல பெயர்கள் எழுதலாம். மாவட்டம் முழுவதும் எண்ணியதில் ஜெனரல் வென்றார். ஆனால் மார்வெய் நகரில் மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு பேர் சீட்டில் அன்செல்மின் பெயரையும் எழுதியிருந்தார்கள். ஜெனரலுக்கு அந்த ஊரில் விழுந்ததைவிட அது முப்பது கூடுதல்.

மூன்றாம் நாள் உரிமம் வீடு தேடி வந்தது. அரசு உரிமம் வைத்திருப்பவர் அரசியலில் இறங்கமாட்டார் என்று ஜெனரலுக்குத் தெரியும்.

கடை சதுக்கத்திலேயே அமைந்தது. புகையிலைக் கடையின் அடையாளமாகச் சிவப்புப் புகையிலைச் சுருளை மரத்தில் செதுக்கி வாசலில் தொங்கவிட்டார்கள். ஒதீல் கல்லாவைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அன்செல்ம் பொடியையும் குழாய்ப் புகையிலையையும் தராசில் நிறுத்தார். ஒரு குன்றிமணி கூடவோ குறையவோ வராது. அளவு விஷயத்தில் அவரை யாரும் எதுவும் சொல்லிவிடக் கூடாது. மாலை ஆனால் கஸ்பார் வந்து, கல்லாவுக்குப் பக்கத்தில் தானே செய்து கொடுத்த பீப்பாய் மேல் உட்கார்ந்து ஊர்வம்பு பேசுவான். "வீரரே, ஒரு சிட்டிகை பொடி" என்பான். "பொருந்தலடா" என்பார் அன்செல்ம். இப்படி மூன்றரை ஆண்டு. அவருடைய முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை.

1851 டிசம்பரில் குடியரசுத் தலைவரே அனுப்பிய துருப்புகள் பாரிசை வளைத்தன. அடுத்த ஆண்டு மறுபடியும் ஒரு பேரரசர். ஜெனரலின் கால் நான்கு நாள் மட்டும் வீங்கியது. வயதாக ஆக அவர் வேகம் கூடியிருந்தது. செனட் உறுப்பினரானார். இந்தப் பேரரசுக்குக் கூட்டத்துக்கு முன் தயங்கிய ஜெனரல்கள் பிடிக்காது.

ஒரு காலை கடைக்குள் புதுக் காவல் ஆணையர் லெஸ்த்ராந் வந்தார். இளைஞர். மரியாதையானவர். பொடி வாங்கினார், தும்மினார், கைக்குட்டையை மடித்தார். பிறகு ஒரு கோப்பைக் கல்லா மேல் விரித்தார்.

"செனட் உறுப்பினர் கடிதம் எழுதியிருக்காருங்க. 1830ல தெளிவான குரல்ல சுடச் சொல்லி உத்தரவு போட்டேன், மேற்படி நபர் வேணும்னே கீழ்ப்படியலன்னு. நாப்பத்தெட்டுல ஆயிரம் பேருக்கு முன்னாடி அது நிரூபணம் ஆயிருக்கு. கலகக்காரருக்கு அரசு உரிமம் கொடுக்க முடியாதுங்களே."

டேய், தம்பி, அண்ணே எல்லாம் போய், கடைசியில் மேற்படி நபர். அன்செல்ம் அதை மனதில் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"நான் கீழ்ப்படிஞ்சேனுங்க. குண்டு பொருந்தல."

"ஏன் பொருந்தல?"

"ஐயா எல்லாப் பெட்டிக்கும் வெள்ளையடிக்கச் சொன்னாரு."

ஆணையர் பேனாவைக் கீழே வைத்தார். "செனட் உறுப்பினரோட சீர்திருத்தம் பாடப் புத்தகத்துல இருக்குங்க. அது தப்புன்னு சொன்னா அவதூறு. அதுக்கும் உரிமம் போயிடும்."

"அப்ப கலகக்காரன்னாலும் கடை போகும், உண்மையச் சொன்னாலும் கடை போகுமா?" என்றாள் ஒதீல்.

"நான் சட்டத்தச் சொல்றேன், அம்மா."

"தம்பி, அந்தப் பீரங்கி கிடங்குலதான் கெடக்கு. குண்டும் கெடக்கு. நீயே வந்து போட்டுப் பாரு. உள்ள போச்சுன்னா நாங்க கலகக்காரங்க."

சட்டத்தில் இதற்குத் தடை இல்லை. மூவரும் கிடங்குக்குப் போனார்கள். விஷயம் எப்படியோ பரவி, வேலிக்கு வெளியே முப்பது நாற்பது தலைகள். ஆணையர் மேற்சட்டையைக் கழற்றினார். பன்னிரண்டு ராத்தல் குண்டை வயிற்றில் அணைத்துத் தூக்கிப் பீரங்கி வாயில் வைத்தார். அழுத்தினார். திருகினார். முகம் பீட்ரூட் ஆயிற்று.

"இன்னும் கொஞ்சம் அழுத்துங்க, விசுவாசமா!" என்றது வேலிக்கு வெளியே ஒரு குரல்.

குண்டு போகவில்லை. ஆணையர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிந்தித்தார். குண்டின் மேல் பிழை இல்லை. பெட்டியின் மேல் பிழை இருக்க முடியாது. சார்ஜென்டின் மேலும் பிழை இல்லை என்பதை நாற்பது பேர் பார்த்துவிட்டார்கள். பீரங்கியைச் சுற்றி வந்தார். அதன் முதுகில் வார்த்த ஆண்டு பொறித்திருந்தது: 1819. ஓடிப்போன அரச குடும்பத்தின் முத்திரை.

அவர் முகம் மலர்ந்தது. உட்கார்ந்து எழுதினார். எழுதியதை வாசித்தார்: "முந்தைய அரச குடும்பத்தின் அலட்சியத்தால் இப்பீரங்கியின் வாய் தேவைக்குக் குறைவான அகலத்தில் வார்க்கப்பட்டுள்ளது. உத்தரவு சரி. குண்டு சரி. பெட்டி சரி. பீரங்கி குறையுள்ளது. இதை நிபுணர் என்ற முறையில் முன்னாள் சார்ஜென்ட் ரூவ்ரெல் உறுதி செய்கிறார்." பேனாவை நீட்டினார். "கையெழுத்துப் போடுங்க. கடை உங்களுது."

அன்செல்ம் பீரங்கியைப் பார்த்தார். உள்வாய் கண்ணாடி போல இருந்தது. பத்தொன்பது வருடம் அவரே எண்ணெய் போட்டுத் துடைத்த வாய். ஒரு மயிரிழைகூடப் பிசகாத எட்டு.

"இது நல்ல பீரங்கிங்க" என்றார் மெல்ல. "இந்தக் கோட்டையிலேயே இதுதான் நல்ல பீரங்கி."

அவர் ஒதீலைப் பார்த்தார். போன தடவை போல அவள் முகத்தை மூடிக்கொள்ளவில்லை, மிரட்டவும் இல்லை. குனிந்து, அவருடைய முழங்காலுக்கு நேராக இருந்த ஈரமான கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்செல்ம் கையெழுத்துப் போட்டார். நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது. இதைப் போய் ஏழு முறை செய்ததற்கா இவ்வளவு பெரிய பெயர் என்று ஒரு கணம் தோன்றியது. வாரத்தின் முடிவில் அந்தப் பீரங்கியை உருக்குவதற்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். அதே வாரம், எல்லா உரிமக்காரர்களோடும் சேர்ந்து, அவரும் நகர மண்டபத்தில் வலது கையை உயர்த்திப் பேரரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தார்.

அன்று மாலை கஸ்பார் வந்தான்.

"ஊர்ல என்னென்னமோ சொல்றாங்க. அந்தப் பீரங்கி கோணலாமே?"

"ஆமாண்டா. வாய் சின்னது. வார்ப்புலயே கோளாறு."

"நீயா சொன்ன?"

"நான் நிபுணர்டா. நான்தான சொல்லணும்?"

கஸ்பார் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். வீரரே என்று கூப்பிடவில்லை. "ரெண்டு அவுன்ஸ் பொடி" என்றான். அன்செல்ம் நிறுத்துக் கட்டிக் கொடுத்தார். கஸ்பார் பொட்டலத்தை வாங்கிக்கொண்டான். பீப்பாயில் உட்காராமலே வெளியே போனான்.